நான் நீக்கிய அரை வரி

போன மாதம் பிரிவு உபசார விழாவில் எனக்குச் சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நானும் நாலே வார்த்தை பேசிவிட்டு, தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லித் தப்பித்தேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ‘ஒரு தப்புகூடப் பண்ணாத மேடம்’ என்று உங்களில் ஒருத்தி மைக்கைப் பிடித்துச் சொன்னாள் பாருங்கள், அப்போது எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஐம்பதைத் தொடுவதற்குள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பொழுது நிறையக் கிடக்கிறது. மேடையில் விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபி படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்த புதிது. ஆறு மாதப் பயிற்சிக்கு என் வகுப்பில் எல்லாரும் யார் யாரையோ பிடித்து சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். யாரையும் பிடிக்கத் தெரியாத எனக்கு உத்திரமேரூர் கிடைத்தது. ஒரு சின்ன அறக்கட்டளையின் மறுவாழ்வு மையம். செவ்வாயும் சனியும் மட்டும் ஆட்கள் வருவார்கள். மற்ற நாட்களில் அந்தக் கட்டடத்தில் நான், யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், அவ்வளவுதான்.

அங்கே என் வேலை நோயாளிகளைப் பார்ப்பது இல்லை. நம் தொழிலில் இருப்பவர்களுக்காக அப்போது ஒரு மின்னஞ்சல் குழு நடந்துவந்தது. ஒருவர் ஒரு சந்தேகம் எழுதினால் குழுவில் உள்ள எல்லாருக்கும் போகும். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். இன்று உங்கள் கைபேசியில் நடப்பதுதான், ஆனால் நத்தை வேகத்தில். எந்தக் கடிதமும் முதலில் என் பார்வைக்கு வரும். நான் படித்து, வெட்ட வேண்டியதை வெட்டி, அனுமதி கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். வாரக் கடைசியில் அந்த வாரத்துப் பேச்சை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுத வேண்டும். இதற்கெல்லாம் மேலே இருந்த ஒருங்கிணைப்பாளர் வேறு மாநிலத்துக்காரர். அவரை நான் கடைசிவரை நேரில் பார்த்ததில்லை. இரண்டு வரிக்கு மேல் எழுதவும் மாட்டார்.

நீங்கள் இன்று தனியாக ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும் கையில் ஒரு போன் இருக்கிறது. எனக்கு அது இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருந்தேன். காலையில் டீக்கடைக்காரர் ‘இன்னாமா, ஸ்ட்ராங்கா லைட்டா?’ என்று கேட்பார். சாயங்காலமும் அதையே கேட்பார். நடுவில் என்னிடம் யாரும் எதுவும் கேட்காத நாட்கள் உண்டு. அன்று முழுக்க என் குரல் எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் திரையில் பார்த்தால் பத்து நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்திருக்கும். பாதிக் கடிதங்களின் கடைசி வரி ஒன்றேதான்: இங்கே கேட்க வேறு யாரும் இல்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும்தான் என்று பதில் எழுதக் கை பரபரக்கும். எழுதியதில்லை. அனுமதி கொடுப்பவள் நடுவில் புகுந்து பேசுவது முறையில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சேர்ந்த புதிதில் ஒரு குட்டு வாங்கினேன். ஒரு தபால்காரரைப் பற்றி வந்த கடிதத்தில் பேரையும் ஊரையும் வெட்டிவிட்டு, ‘தபால்காரர்’ என்பதை மட்டும் விட்டுவைத்தேன். எழுதிய தெரபிஸ்ட் எந்த வட்டாரத்தில் வேலை செய்கிறார் என்பது குழுவில் பலருக்குத் தெரியும். அந்தத் தபால்காரருக்கு வலிப்பு வருகிற விஷயம் குழுவிலிருந்து ஒருவர் வாய் மாறி ஒருவர் வாயாக அவருடைய ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் வழக்கம்போல் இரண்டு வரி எழுதினார். ‘ஓர் ஊருக்கு எத்தனை தபால்காரர்கள் இருப்பார்கள்? யோசித்துப் பார்க்கவும்.’ படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு எந்தக் கடிதத்திலும் என்ன வேலை என்று இருந்தாலும் வெட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. யோசிக்கச் சொன்னார்கள், நான் யோசிப்பதற்குப் பதில் வெட்டினேன்.

இரண்டாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் மாவட்டத்துக் கிராமங்களுக்கு முகாம் நடத்தப் போய்வந்த ஒரு தெரபிஸ்ட். அத்தனை ஊருக்கும் அவர் ஒருவர்தான். வாரம் ஒருமுறை ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதுவார். அவரை முகாம் சார் என்றே இங்கே சொல்கிறேன், நோயாளிகள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம், நோயாளியின் பேரை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன்.

மாகறல் பக்கம் ஆற்றோரக் குடியிருப்பில் இருக்கும் இருளர் பெண், முப்பத்தைந்து வயது. அறுப்பின்போது அரிவாள் பட்டு இடது மணிக்கட்டில் நரம்பு அறுந்துவிட்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கி நிற்கின்றன, அந்தப் பக்கம் தொட்டாலும் சுட்டாலும் தெரியாது. நடவும் களையெடுப்பும்தான் வேலை, காலையிலிருந்து மாலைவரை கை சேற்றில் இருக்கும், வேலையை நிறுத்த வழியில்லை. என்ன ஸ்ப்ளின்ட் போடலாம்? இங்கே கேட்க வேறு யாரும் இல்லை.

ஸ்ப்ளின்ட் என்பது விரல்களைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலையை ஆரம்பித்தேன். பேர் போயிற்று. ஊர் போயிற்று. ஆறு போயிற்று. இருளர் என்பது போயிற்று. நடவு, களையெடுப்பு, சேறு எல்லாம் ஒரே வெட்டில் போயிற்று. முப்பத்தைந்து வயதுப் பெண், மணிக்கட்டில் நரம்புக் காயம், என்ன ஸ்ப்ளின்ட் போடலாம் என்று கச்சிதமாக ஒரு கேள்வி மிஞ்சியது. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. நம் படிப்பின் பெயரிலேயே முதலில் நிற்பது ‘ஆக்குபேஷன்’, மனிதர் செய்யும் வேலை. அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றே நாளில் அருமையான பதில் வந்தது. கை சிகிச்சையில் பெயர் பெற்ற ஒரு மூத்தவர் எழுதியிருந்தார். உள்ளே மென்தோல் வைத்துத் தைத்த ஸ்ப்ளின்ட், அளவோடு, படத்தோடு. பகல் முழுக்கப் போட்டிருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். வீட்டிலோ ஆபீசிலோ உட்கார்ந்து வேலை பார்க்கும் கைக்கு அதைவிட நல்ல யோசனை கிடையாது. முகாம் சார் ஒரு வரியில் நன்றி சொன்னார். தான் எழுதியது முழுக்கப் போயிருக்கிறது, சேறு என்று தெரிந்தேதான் இவ்வளவு பெரியவர் பகல் முழுக்கப் போடச் சொல்கிறார் என்று அவர் நம்பியிருக்கிறார். பிரவுசிங் சென்டரின் அவசரத்தில் பதிலை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போனவர், தன் கடிதம் எந்தக் கோலத்தில் வெளியானது என்று பார்க்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து அவரிடமிருந்து மறுபடியும் கடிதம். பட்டையின் தோல் ஊறி, மணல் உள்ளே புகுந்து அரைத்து, சுண்டு விரல் புண்ணாகிவிட்டது. உணர்ச்சி இல்லாத விரல் என்பதால் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நடவு மும்முரத்தில் அவர் முகாமுக்கே வரவில்லை, மறுபடி வந்து இவர் கழற்றியபோது எலும்பு தெரிந்தது. பத்து நாளில் காயாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும், கிருமி மேலே ஏறினால் கையே போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நடவு வேலையில் இருக்கும் கைக்குத் தான் செய்ததில் என்ன தவறு என்று கேட்டிருந்தார். வேலையை வெட்டக் கை வரவில்லை. அப்படியே அனுமதித்தேன்.

மறுநாள் காலை பதினோரு பதில்கள் காத்திருந்தன.

சேற்று வேலை என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டது ஒன்று. நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்காத தெரபிஸ்டை முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று ஒன்று. ஸ்ப்ளின்ட் சொன்ன மூத்தவர், இந்த விவரம் மறைக்கப்பட்டதால் தன் பெயரும் கெடுகிறது என்று எழுதியிருந்தார். எல்லாம் மரியாதையான மொழியில்தான். திட்டு இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, குழுவின் விதி எதையும் மீறவில்லை.

முகாம் சார் சொல்லியிருந்தார் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவருக்கும் எனக்கும். நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அறையில் யாரும் இல்லை, என்னைத் தடுக்கவும் யாரும் இல்லை. பயிற்சியை ரத்து செய்துவிடுவார்களோ, பட்டம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். விதிப்படிதானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பதினொன்றில் முதல் நாலு கடிதங்களுக்கு அனுமதி கொடுத்தேன். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய் வெயிலில் நின்றேன். வெட்டியது தவறு என்றால் அதை அறியாமை என்றாவது சொல்லலாம். அந்த நாலு கடிதங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் முகாம் சாரிடமிருந்து சத்தமே இல்லை. ‘நான் எழுதியிருந்தேன்’ என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. தானே எழுத மறந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டாரா, இல்லை பெரியவர்கள் சொல்லும்போது எதிர்த்துப் பேசக்கூடாது என்று இருந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. நான்காம் நாள் ஒருங்கிணைப்பாளரின் இரண்டு வரி வந்தது. ‘நல்ல விவாதம். நோயாளியின் வேலையைக் கேட்டறிவதன் அவசியம் என்று இந்த வாரச் சுருக்கத்தில் பாடமாக எழுதவும்.’

எழுத உட்கார்ந்தேன். தலைப்பைப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு சொல் ஓடவில்லை. எழுந்து வெளியே வந்து, மாகறல் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த ஊர் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து ஒரு பஸ் தூரம். அந்தப் பெண்ணின் கையைப் பற்றி எங்கெங்கோ இருப்பவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்று அதுவரை தோன்றவில்லை.

குடியிருப்பில் விசாரித்ததும் வயலைக் காட்டினார்கள். அவரைக் கன்னியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவர் பெயர் இல்லை. இடது கையைப் பிளாஸ்டிக் கவரில் நுழைத்து வாழைநாரால் கட்டிக்கொண்டு, வலது கையால் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வரப்பில் ஏறி வந்தார்.

“நீ யாரும்மா? முகாம் சாரு அனுப்ச்சாரா?”

“இல்லீங்க. நானும் அவர் படிச்ச படிப்புதான் படிக்கிறேன். உங்க கையைப் பார்க்க வந்தேன்.”

“கைய எல்லாரும்தான் பாத்துக்கினு கீறாங்க” என்று கவரை அவிழ்த்தார். நான் பார்த்தேன். வகுப்பில் படமாகப் பார்த்ததெல்லாம் வேறு. நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு முகத்தைச் சுளிக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

“அவருக்கு இன்னாமா ஆச்சு?” என்று கன்னியம்மாவே கேட்டார். “போன வாட்டி வந்தப்போ ஆளே செரியில்ல. எந்தப்புதாம்மா, நான் இன்னும் வெவரமா கேட்டிருக்கணும்னு சொல்லிக்கினு அப்டியே குந்திட்டாரு. நான்தான், வுடு சார், வெரலு போனா போவுது, கை கீது இல்லன்னு சொல்லி அனுப்ச்சேன்.”

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“அவர் தப்பு இல்லீங்க. நீங்க சேத்துல வேலை செய்றீங்கன்னு அவர் எழுதினாரு. பெரிய டாக்டருங்களுக்கு அது போறதுக்கு முன்னாடி நான்தான் எடுத்துட்டேன்.”

“ஏன் எடுத்த?”

“நீங்க யாருன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

“நான் இன்னா வேல செய்றேன்னு தெரியாம என் கைக்கு எப்டிமா வைத்தியம் சொல்வாங்க?”

ஐந்து வருடப் படிப்பில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன், மறுபடி முழுக்க எழுதட்டுமா என்று. அவர் கொஞ்சம் யோசித்தார்.

“வேலய எழுது. சேத்த எழுது. இருளருன்னும் எழுது, அதுல இன்னா கீது. பேர மட்டும் போடாத. எம் பொண்ணுக்கு மாப்ள பாக்கறோம். ஆத்தா கை வெளங்காதுன்னு பேசுவாங்க.”

கவனியுங்கள். எதை மறைக்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று நான் மூன்று மாதமாக விதிப்புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அது யாருடைய விஷயமோ அவரிடம் கேட்டதும், வரப்பில் நின்றபடி ஒரு நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார். நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து, உடை மாற்றாமல் சேற்றுக்காலோடு உட்கார்ந்து எழுதினேன். முகாம் சாரின் முதல் கடிதத்தைப் பேர் மட்டும் இல்லாமல் அப்படியே போட்டேன். மேலே என் பெயரை எழுதி, இதில் நடவும் சேறும் இருந்தன, நீக்கியவள் நான், தெரிந்தும் அவரை நீங்கள் குறை சொன்ன கடிதங்களை அனுமதித்தவளும் நான் என்று எழுதினேன். அந்தக் குழுவில் என் பெயரில் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். அனுப்பிவிட்டுத்தான் அன்றைக்கு வந்திருந்த மற்ற அறிவிப்புகளைத் திறந்தேன்.

முகாம் சார் அன்று காலையிலேயே குழுவிலிருந்து விலகியிருந்தார்.

நான் வயலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் எங்கோ ஒரு பிரவுசிங் சென்டரில் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். என் கடிதம் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் போயிற்று, அது யாருக்குச் சேர வேண்டுமோ அவர் ஒருவரைத் தவிர. அவருடைய முகவரிக்குத் தனியாக எழுதினேன். மறுநாளும் எழுதினேன். பதில் வரவில்லை.

குழுவில் மன்னிப்புக் கடிதங்கள் வந்தன. ஸ்ப்ளின்ட் சொன்ன மூத்தவரும் எழுதினார். எல்லாம் முகாம் சாரின் பெயரைப் போட்டு, அன்புள்ள என்று ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் நான் அனுமதி கொடுத்தேன். அவர் இல்லாத குழுவில் அவரிடம் எல்லாரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் அந்த அறையில் நான் பட்ட தனிமையை அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

அந்தக் கடிதங்களுக்கு நடுவில் உருப்படியாக ஒன்று இருந்தது. எங்கோ மீனவர் ஊரில் தனியாக வேலை செய்த ஒருவர் எழுதியது. தோல் பட்டையை எறியுங்கள். புண் ஆறும்வரை எதுவும் வேண்டாம். ஆறிய பிறகு சைக்கிள் டியூபை மெல்லிய வளையமாக வெட்டி மாட்டுங்கள், தண்ணீர் தங்காது. மத்தியானம் ஒருமுறை கழற்றிக் கையைக் கழுவி, கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், அந்த விரலுக்கு வலி தெரியாது, கண்தான் அதற்கு வலி. அப்படியே செய்தோம். ஒரு மாதம் அவர் சேற்றில் இறங்காமல் இருக்க, குடியிருப்புப் பெண்கள் முறை வைத்து அவருடைய பங்கு வேலையைச் செய்தார்கள். சுண்டு விரலின் நுனிக் கணு போயிற்று. மீதி விரலும் கையும் நின்றன.

ஒருங்கிணைப்பாளர் என்னை நிறுத்தவில்லை. ‘இது முதல் நாளே வந்திருக்க வேண்டிய கடிதம்’ என்று ஒரே வரி எழுதினார். வேலை பற்றிய விவரத்தை நீக்குவதற்கு முன் எழுதியவரைக் கேட்க வேண்டும் என்று குழுவுக்கு ஒரு விதி வந்தது. எனக்கு நல்ல சான்றிதழும் கிடைத்தது. என் வீட்டில் எங்கோ கிடக்கிறது.

மாகறலில் முகாம் புதன்கிழமை. முகாம் சார் வருவார், நேரில் சொல்லிவிடலாம் என்று அடுத்த புதன் காலையிலேயே போய் நின்றேன். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. அவர் இந்த வேலையையே விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பஞ்சாயத்து ஆபீசில் சொன்னார்கள். எந்த ஊர், என்ன வேலை என்று அவர்களுக்கும் தெரியவில்லை. காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், அறக்கட்டளையைக் கேட்டுக்கொண்டு பயிற்சி முடியும்வரை புதன்கிழமைகளில் நானே போனேன். நோயாளிகளைத் தொட்டு நான் வேலை கற்றது அவருடைய நாற்காலியில்தான்.

கடைசிப் புதனன்று கன்னியம்மாவுக்குப் புது வளையம் மாட்டிக்கொண்டிருந்தேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, நல்ல மனநிலையில் இருந்தார். கையை மூடித் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்த சாருகிட்ட சொல்லிட்டியாம்மா?”

“எழுதியிருக்கேங்க. நாலஞ்சு வாட்டி எழுதிட்டேன்.”

“பட்ச்சாரா?”

“தெரியலீங்க.”

அவர் கையை மூடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்போ அவருக்கு அது இன்னும் அவரு தப்புதான்.”

நான் வளையத்தின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னது சரி. எனக்குத் தெரிந்தவரை இன்றைக்கும் அது அப்படித்தான் இருக்கிறது.